வெயில்ல ஆன்டிபயாடிக்கை உடைக்கிற பொடியை படான்செரு ஓடைல போட்டா தண்ணி சுத்தமாகுமா?

நீங்க கேட்டதை முதல்ல நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். ஹைதராபாத் பக்கத்துல படான்செரு ஏரியால குடியிருக்கீங்க, மருந்து கம்பெனி கழிவால ஓடையும் ஏரியும் கெட்டுப்போச்சுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, இப்போ ஒரு செய்தில சூரிய வெளிச்சம் பட்டாலே ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துல 98 சதவீதம் உடைக்கிற கேட்டலிஸ்ட் கண்டுபிடிச்சிருக்காங்கன்னு படிச்சிருக்கீங்க, அப்போ அந்தப் பொடியை மூட்டை மூட்டையா கொண்டுவந்து ஓடைல கொட்டிட்டா முடிஞ்சுதே, ஏன் யாரும் செய்யலன்னு கேக்கறீங்க. கூடவே உங்க வீட்டு கிணத்துத் தண்ணிக்கு இது உதவுமான்னும் கேட்டிருக்கீங்க. நான் பிஎச்டி பண்ணது இந்த போட்டோகேட்டலிஸ்ட், அதாவது வெளிச்சத்தை வச்சு வேலை செய்யற கேட்டலிஸ்ட் விஷயத்துலதான், அப்புறம் பல வருஷமா ஈடிபி, அதாவது கம்பெனி கழிவுநீரை சுத்தம் பண்ற பிளான்ட் டிசைன் பண்ற வேலை, அதனால லேப்ல என்ன நடக்குது பிளான்ட்ல என்ன நடக்குதுன்னு ரெண்டையும் பாத்திருக்கேன். டாக்டர் இல்ல, அதனால அந்தத் தண்ணி உடம்புக்கு என்ன பண்ணும்ங்கறதுக்குள்ள நான் போகல.

கேட்டலிஸ்ட் எப்படி வேலை செய்யுதுங்கறதுல சந்தேகமே இல்ல. இது ஒரு செமிகண்டக்டர் பொடி. அதுமேல போதுமான சக்தி உள்ள வெளிச்சம் பட்டா ஒரு எலக்ட்ரான் மேல எகிறும், அது இருந்த இடத்துல ஒரு ஹோல் உண்டாகும். எலக்ட்ரான் தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து சூப்பர்ஆக்சைடு ஆகும், ஹோல் தண்ணியையோ நேரா மருந்து மூலக்கூறையோ தாக்கும், தண்ணியைத் தாக்கினா ஹைட்ராக்சில் ராடிக்கல்னு பக்கத்துல இருக்கறதோட உடனே வினை புரியற ஒரு துண்டு வரும், அது கண்ணுல பட்ட ஆர்கானிக் எதையும் விடாது. டைட்டானியம் டையாக்சைடுதான் இதுல பழைய ஆளு, 1972ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதை வச்சு வெளிச்சத்தால தண்ணியைப் பிரிக்கலாம்னு காட்டினதுல இருந்து இந்தத் துறையே கிளம்பிச்சு. ஆனா அதுக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் வேணும், அதாவது 387 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற யூவி வெளிச்சம், சூரிய ஒளில யூவி மொத்தமே 4, 5 சதவீதம்தான். அதனாலதான் கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்துலயே வேலை செய்யற பொருளா தேடறாங்க. கிராஃபைட்டிக் கார்பன் நைட்ரைடு, பிஸ்மத் வனடேட், பிஸ்மத் ஆக்ஸிப்ரோமைடு, அப்புறம் இதுல ரெண்டை ஒண்ணா சேர்த்து செய்யற ஹெட்டரோஜங்ஷன். நீங்க படிச்சது அனேகமா இதுல ஒண்ணாத்தான் இருக்கும்.

இப்போ அந்த 98 எப்படி வருதுன்னு பாருங்க. மெலமைனை மூடி போட்ட க்ரூசிபிள்ல வச்சு மஃபிள் ஃபர்னஸ்ல 550 டிகிரில சில மணி நேரம் வைப்போம், வெளிய எடுத்தா மஞ்சளா ஒரு கட்டி, அதை கல்வத்துல அரைச்சா கார்பன் நைட்ரைடு பொடி ரெடி. 100 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல லிட்டருக்கு 10 இல்ல 20 மில்லிகிராம் கணக்குல டெட்ராசைக்ளின் கரைச்சு, பொடியைப் போட்டு, முதல் அரை மணி நேரம் இருட்டுல ஸ்டிரர்ல சுத்த விடணும். ஏன்னா பொடியே கொஞ்சம் மருந்தை மேல ஒட்ட வச்சுக்கும், அது உடைஞ்சதா கணக்காகிடக்கூடாது. அப்புறம் 300 வாட் செனான் லாம்ப். பத்து பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை சிரிஞ்சால கொஞ்சம் எடுத்து, 0.22 மைக்ரான் ஃபில்டர்ல பொடியைப் பிரிச்சு, எந்த வெளிச்சத்தை எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்குற ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 357 நானோமீட்டர்ல இருக்குற டெட்ராசைக்ளின் பீக், அதாவது கிராஃப்ல எழும்பற முகடு, எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்ப்போம். பீக் தரையோட படுத்துடுச்சுன்னா 98 சதவீதம்னு எழுதுவாங்க. அது பொய் இல்ல, நிஜமாவே பீக் போயிடுச்சு. ஆனா அந்த பீக் அந்த மூலக்கூறுல ஒரு குறிப்பிட்ட பகுதியோட அடையாளம், அந்தப் பகுதி கலைஞ்சாலே பீக் போயிடும், மிச்ச மூலக்கூறு தண்ணிலயேதான் மிதந்துக்கிட்டு இருக்கும். மொத்த கார்பனையும் அளக்குற டிஓசி டெஸ்ட் எடுத்தா அதே சாம்பிள்ல பாதிகூட குறைஞ்சிருக்காது, பல பேப்பர்ல அப்படித்தான் இருக்கும், கடைசில ஒரு சின்ன கிராஃபா போட்டிருப்பாங்க. செய்தி எழுதறவங்க அங்க வரைக்கும் போறதில்ல.

சிப்ரோஃப்ளாக்ஸசின்ல இது இன்னும் முக்கியம், உங்க ஏரியாவோட மருந்தே அதுதான். அதுல ஒரு பக்கம் பைப்பரசின் வளையம், நடுவுல குயினோலோன். ராடிக்கல் பெரும்பாலும் முதல்ல பைப்பரசினைத்தான் கடிக்கும், பாக்டீரியாவைக் கொல்ற வேலையைச் செய்யறது நடுவுல இருக்குற குயினோலோன். அதனால எச்பிஎல்சிங்கற, தண்ணில இருக்குற பொருள்களைப் பிரிச்சு அளக்குற மெஷின்ல, சிப்ரோவே இல்லன்னு வந்த தண்ணியிலகூட பாக்டீரியாவை அடக்குற குணம் மிச்சம் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேணாம், அகர் பிளேட்ல ஈ.கோலை பூசி, டிரீட் பண்ண தண்ணியை ஒரு பேப்பர் டிஸ்க்ல நனைச்சு நடுவுல வச்சு, 37 டிகிரில ஒரு ராத்திரி விட்டா போதும், டிஸ்கைச் சுத்தி பாக்டீரியா வளராத வட்டம் இருந்தா மருந்து குணம் இன்னும் இருக்குன்னு அர்த்தம். டிஸ்க்ல கொஞ்சம்தான் ஏறும்ங்கறதால ரொம்பக் கம்மியான அளவை இது காட்டாது, அதனால வட்டம் இல்லன்னா உடனே சுத்தம்னு சொல்லிட முடியாது, வட்டம் இருந்தா மட்டும் நிச்சயம் சுத்தமில்ல. என்கிட்ட ஒரு கேட்டலிஸ்ட்டைப் பத்திக் கேட்டா நான் முதல்ல தேடறது இந்தப் படத்தைத்தான். அது இல்லாம வெறும் சதவீதம் மட்டும் போட்டிருந்தா அந்த பேப்பரை நான் பாதி வேலையாத்தான் எடுத்துக்குவேன்.

அடுத்தது 98ங்கறது போதுமாங்கற கணக்கு. 2007ல ஸ்வீடனோட ஜோகிம் லார்சனும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் வெளியிட்ட ஆய்வு உங்க ஊரைப் பத்தினதுதான். சுமார் 90 மருந்து கம்பெனிகளோட கழிவை வாங்கி சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையத்துல இருந்து, கவனிங்க, சுத்தம் பண்ணி வெளிய விட்ட தண்ணில, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோ இருந்துச்சு. மருந்து சாப்பிட்ட ஆளோட ரத்தத்துல இருக்குற அளவைவிட இது அதிகம். ஒரு நாளைக்கு 45 கிலோ, அதாவது 90 லட்சம் பேர் இருந்த ஸ்வீடன் மொத்தமும் 5 நாள்ல சாப்பிடற சிப்ரோ, ஒரே குழாய்ல ஒரே நாள்ல போயிட்டு இருந்துச்சு. இப்போ அந்த 31ல 98 சதவீதத்தை எடுத்துடுங்க. மிச்சம் 0.62 மில்லிகிராம், அதாவது 620 மைக்ரோகிராம். பாக்டீரியாவுக்கு ரெசிஸ்டன்ஸ், அதாவது மருந்துக்கு அடங்காத குணம், வளராம இருக்க சிப்ரோ எவ்வளவு கீழ இருக்கணும்னு இந்தத் துறைல பயன்படுத்தற அளவு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 10,000 மடங்கு அதிகமா நிக்குது. ஆத்துல கலந்து நீர்த்துப்போகும்னு சொல்லலாம், ஆனா கோடைல அந்த ஓடைல நீர்த்துப்போக வைக்க நல்ல தண்ணி எங்க இருக்கு? ஆக படான்செரு மாதிரி இடத்துல 98ங்கறது ஒரு ஆரம்பம்தான், 99.999ஐயும் தாண்டினாத்தான் பேச்சு.

நிஜ கழிவுநீர்ல நடக்குமான்னா, நடக்கும், ஆனா ரொம்ப மெதுவா. ஹைட்ராக்சில் ராடிக்கல் உயிரோட இருக்குறது நானோ செகண்ட் கணக்கு, பிறந்த இடத்துல இருந்து சில நானோமீட்டர் தள்ளிகூடப் போகாது, அதனால மருந்து மூலக்கூறு பொடியோட மேற்பரப்புக்கிட்ட வந்தாத்தான் அடி விழும். டிஸ்டில்டு வாட்டர்ல அங்க வர்றதுக்கு மருந்து மட்டும்தான் இருக்கு. கழிவுநீர்ல ஆர்கானிக் அழுக்கு, பைகார்பனேட், குளோரைடு எல்லாம் இருக்கு, இதெல்லாம் கல்யாண வீட்டு முதல் பந்தில இடம் பிடிச்ச கூட்டம் மாதிரி உக்காந்துடும், மருந்து வெளிய நிக்கும். சாதாரண நகரத்து சாக்கடையை சுத்தம் பண்ணின பிறகுகூட லிட்டருக்கு 5ல இருந்து 20 மில்லிகிராம் ஆர்கானிக் கார்பன் கரைஞ்சிருக்கும், அதுல ஆன்டிபயாடிக் இருக்குறது மைக்ரோகிராம் கணக்குல, அதாவது அழுக்கு பல ஆயிரம் மடங்கு. பல்க் டிரக், அதாவது மருந்தோட மூலப்பொருளை மொத்தமா தயாரிக்கற கம்பெனி தண்ணில மருந்தே மில்லிகிராம் கணக்குல இருக்கும், லேப்ல போடற அளவுக்குப் பக்கத்துலதான், ஆனா அங்க சிஓடியும் (ஆர்கானிக் அழுக்கோட மொத்த அளவைக் காட்டற எண்) உப்பும் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம்ல வரும். கலங்கல் வேற. லிட்டருக்கு ஒரு கிராம் பொடி கலந்தாலே தண்ணி பால் மாதிரி ஆகிடும், வெளிச்சம் சில சென்டிமீட்டருக்கு மேல இறங்காது.

ஓடைல கொட்டலாமான்னு கேட்டதுக்கு வரேன். தயவு செஞ்சு வேணாம், யாராவது செய்யலாம்னு சொன்னாலும் தடுங்க. 45 கிலோவை 31 மில்லிகிராமால வகுத்தா அந்த ஒரு நிலையத்துல இருந்து வந்ததே ஒரு நாளைக்கு சுமார் 15 லட்சம் லிட்டர், லேப் கணக்குல லிட்டருக்கு ஒரு கிராம்னா ஒரு நாளைக்கு ஒன்றரை டன் பொடி, அது தண்ணியோட கீழ அடிச்சுட்டுப் போயிடும், நாளைக்கு மறுபடி ஒன்றரை டன். நானோ பொடியைத் திரும்ப எடுக்கறதுதான் இந்தத் துறையோட பெரிய தலைவலியே, ஓடைல விட்டுட்டா எடுக்கவே முடியாது. சில பொடில பிஸ்மத், சில்வர், காட்மியம் எல்லாம் இருக்கு, அது கரைஞ்சு வந்தா மருந்தை எடுக்கப் போய் உலோகத்தை விட்ட கதை. இன்னொண்ணு யாரும் யோசிக்காதது, சிப்ரோ வண்டல்ல கெட்டியா ஒட்டிக்கிற மருந்து. தெளிஞ்ச தண்ணில இருக்குற சிப்ரோ வெறும் வெயில்லயே கேட்டலிஸ்ட் இல்லாம கணிசமா உடையும், ஓடையோட பிரச்சனை அடில இருக்குற சேறு, அங்க வெளிச்சமே போகாது. அந்த வண்டல்லதான் ரெசிஸ்டன்ஸ் ஜீன்களும் ஏராளமா இருந்ததா பின்னாடி வந்த ஆய்வுகள் காட்டிச்சு. மருந்தை எடுத்தாலும் அந்த ஜீனைச் சுமக்குற பாக்டீரியா அங்கயேதான் இருக்கும்.

சரி, ஓடைல வேணாம், பிளான்ட்டுக்குள்ள லாம்ப் போட்டு வைக்கலாமேன்னா, அங்க கரன்ட் பில் வந்து நிக்கும். 300 வாட் லாம்ப்பை ஒரு மணி நேரம் எரிச்சா 0.3 யூனிட், அதுல சுத்தமானது 100 மில்லி. ஆயிரம் லிட்டருக்கு அதே கணக்குல 3,000 யூனிட். லேப்ல யாரும் சிக்கனம் பாத்து லாம்ப் வைக்கறதில்ல, அதனால இந்தக் கணக்கு கொஞ்சம் கடுமைதான், ஒத்துக்கறேன். ஆனா 2018ல பல ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்த ஒரு விமர்சனக் கட்டுரைலயும், மருந்தை பத்துல ஒரு பங்கா குறைக்க யூவி போட்டோகேட்டலிஸ்ட்டுக்கு ஆயிரம் லிட்டருக்கு 100 யூனிட்டுக்கு மேல ஆகுது, ஓசோனுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடோட யூவி போடறதுக்கும் ஒரு யூனிட்டுக்குள்ளதான் ஆகுதுன்னு வந்துச்சு. நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். இதைப் பாத்துட்டு எந்த பிளான்ட் மேனேஜரும் கேட்டலிஸ்ட் பக்கம் திரும்ப மாட்டார், அதுல அவரைத் தப்பு சொல்ல முடியாது. வெயிலையே வச்சுக்கலாம்னா இடம் வேணும். 15 லட்சம் லிட்டரை 5 சென்டிமீட்டர் ஆழத்துல பரப்பினா 30,000 சதுர மீட்டர், அதாவது ஏழரை ஏக்கர் தொட்டி, ராத்திரியும் மழைக்காலமும் வேலை நின்னுடும்.

இதுல எதை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு கேட்டா, வெளிச்சத்தால ஆன்டிபயாடிக் உடையுதுங்கறது உறுதி, பென்சிலின் மாதிரி பீட்டா லாக்டம் வகை மருந்தெல்லாம் வளையம் திறந்ததுமே குணம் போயிடுங்கறதும் உறுதி. எந்த ராடிக்கல் வேலை செய்யுதுன்னு பேப்பர்ல போடற அழகான படங்கள் அவ்வளவு உறுதி இல்ல. ஐசோப்ரோபனாலோ பென்சோகுயினோனோ போட்டு ஒவ்வொரு ராடிக்கலா தடுத்துப் பாத்துத்தான் அந்தப் படத்தை வரையறாங்க, பென்சோகுயினோன் தானே வெளிச்சத்தைக் குடிக்கும், தானே ரியாக்ட் ஆகும். கார்பன் நைட்ரைடோட ஹோலுக்கு தண்ணில இருந்து நேரா ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டாக்குற பலமே இல்ல, ஆனா அம்புக்குறி போட்டு அப்படி வரைஞ்ச படங்கள் நிறைய இருக்கு. உடைஞ்ச துண்டுகள் விஷமில்லன்னு சாஃப்ட்வேர் கணிப்பை வச்சு எழுதறதையும் உயிருள்ள ஜந்துவை வச்சு டெஸ்ட் பண்ணாத வரைக்கும் நான் ஒரு யூகமாத்தான் வச்சுக்குவேன். அஞ்சு தடவை திரும்ப உபயோகிச்சோம் அப்படியே இருக்குங்கறதும் சுத்தமான தண்ணில அஞ்சு தடவை, உப்பும் எண்ணெயும் இருக்குற தண்ணில மாசக்கணக்கா ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.

இதனால இந்த ஆராய்ச்சியே வீண்னு நான் சொல்ல வரல, அதுலயே பல வருஷம் உழைச்சவன் நான், இன்னமும் இதுல நம்பிக்கை இருக்கு. ஆனா அதோட இடம் ஓடை இல்ல, கம்பெனியோட குழாய் முனை. எந்த யூனிட்ல சிப்ரோ தயாரிக்கறாங்களோ அந்த ரியாக்டர் கழுவின தண்ணி, மதர் லிக்கர் (மருந்தைப் படிகமா பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சற திரவம்), இதை மத்த தண்ணியோட கலக்கறதுக்கு முன்னாடியே தனியா பிடிச்சா அளவு சின்னது, மருந்து அடர்த்தி அதிகம், எரிக்கறதா ஆவியாக்கறதா உடைக்கறதான்னு முடிவு பண்ணலாம். பொதுவா இந்த ஏரியால உப்பு அதிகமுள்ள தண்ணிக்கு ஸ்டிரிப்பர், எம்இஇ, ஏடிஎஃப்டின்னு வரிசையா மெஷின்களை வச்சு ஆவியாக்கி உப்பா எடுக்கறாங்க, மருந்து அந்த உப்போட போயிடும், அதை ஒழுங்கா எரிக்கறாங்களா புதைக்கறாங்களாங்கறதுதான் அங்க கண்காணிக்க வேண்டிய விஷயம். பயாலஜிக்கல் டிரீட்மென்ட் முடிஞ்சு, ஃபில்டர் ஆகி, தெளிஞ்சு வர்ற தண்ணில கடைசி கட்டமா, பொடியா இல்லாம கண்ணாடி மணி மேலயோ மெம்பிரேன் மேலயோ ஒட்ட வச்ச கேட்டலிஸ்ட்டுக்கு இடம் இருக்கு. வெயிலை வச்சு இன்னிக்கு பெரிய அளவுக்கு நெருங்கி வந்திருக்கறது போட்டோ ஃபென்டன், அதாவது சாதாரண இரும்பு உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, வெயில். ஸ்பெயின்ல அல்மேரியா பாலைவனத்துல இருக்குற சோலார் ஆராய்ச்சி மையத்துல பல வருஷமா இதை ஆழமில்லாத தொட்டிகள்ல ஓட்டறாங்க. பழைய முறைல பிஎச் 2.8க்கு இறக்கணும், ஆசிட் செலவும் இரும்புச் சேறும் தொல்லை, இப்போ இரும்பை ஒரு கீலேட்டோட (உலோகத்தைப் பிடிச்சு வச்சு கரைஞ்சே இருக்க வைக்கற மூலக்கூறு) கட்டி நடுநிலை பிஎச்லயே ஓட்டறதுல நல்ல முன்னேற்றம்.

அரசாங்கம் வற்புறுத்தின இடத்துல என்ன தேர்ந்தெடுத்தாங்கன்னும் பாருங்க. ஸ்விட்சர்லாந்து 2016ல இருந்து பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள்ல மருந்து எச்சத்தை எடுக்கணும்னு சட்டம் வச்சிருக்கு, அங்க வந்தது ஓசோனும் ஆக்டிவேட்டட் கார்பனும்தான். ஐரோப்பிய யூனியன் 2024ல கொண்டுவந்த சட்டத்துல இந்தக் கூடுதல் கட்டத்துக்கு ஆகற செலவுல குறைஞ்சது 80 சதவீதத்தை மருந்து, காஸ்மெடிக்ஸ் கம்பெனிகள் தலைல கட்டியிருக்காங்க. அதே வருஷம் உலக சுகாதார நிறுவனமும் ஆன்டிபயாடிக் தயாரிப்புக் கழிவுக்குன்னு தனியா வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. இந்தியால 2020 ஜனவரில ஒரு வரைவு வந்துச்சு, ஆன்டிபயாடிக் ஒவ்வொண்ணுக்கும் கழிவுநீர்ல எவ்வளவு இருக்கலாம்னு வரம்பு போட்டு. 2021ல இறுதி அறிவிக்கை வந்தப்போ அந்த வரம்பு அதுல இல்ல. உங்க ஓடையைப் பொறுத்தவரைக்கும் எந்தக் கேட்டலிஸ்ட்டைவிடவும் எனக்கு வருத்தம் தர்றது இதுதான். வரம்பு இல்லன்னா அளக்க மாட்டாங்க, அளக்கலன்னா ஓசோனோ கார்பனோ எதையும் வாங்க யாருக்கும் அவசியம் வராது.

கடைசியா உங்க கிணறு. 2009ல வந்த அடுத்த ஆய்வுல அந்தப் பக்கத்து ஏரித் தண்ணில லிட்டருக்கு 6.5 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோ இருந்துச்சு, கிணறுகள்லயும் மருந்து எச்சம் இருந்துச்சு, அதனால நீங்க கவலைப்படறது நியாயம்தான். அது அந்தக் காலத்து நிலவரம், உங்க கிணத்துல இன்னிக்கு என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணாத்தான் சொல்ல முடியும். சாதாரண வாட்டர் டெஸ்ட் லேப்ல கொடுத்தா டிடிஎஸ், ஹார்ட்னஸ், நைட்ரேட் பாத்துக் கொடுப்பாங்க, மருந்து அதுல தெரியாது, எல்சி-எம்எஸ்ங்கற, ரொம்பக் கம்மி அளவு மருந்தையும் கண்டுபிடிக்கற மெஷின் வசதி இருக்குற லேப்ல சிப்ரோ, ஓஃப்ளாக்ஸசின்னு பேர் சொல்லி கேக்கணும், செலவு அதிகம், நாலஞ்சு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரு சாம்பிள் கொடுக்கறது புத்திசாலித்தனம். காய்ச்சினா சிப்ரோ போகாது, சூட்டைத் தாங்கற மருந்து அது. ஆர்ஓ பெரும்பாலும் பிடிக்கும், நல்ல ஆக்டிவேட்டட் கார்பனும் பிடிக்கும், கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாத்தணும், ஆர்ஓ கழிவுத் தண்ணில மருந்து அடர்த்தியா இருக்கும்ங்கறதால அதை கீரைப் பாத்திக்கு விடாதீங்க. ஆன்லைன்ல போட்டோகேட்டலிஸ்ட் பொடின்னு விக்கறதை வாங்கி கிணத்துல போட்டுடாதீங்க, உள்ள வெளிச்சமும் இல்ல, குடிக்கற தண்ணில நானோ பொடி கலந்ததுதான் மிச்சமாகும். சாம்பிள் எடுக்கும்போது அம்பர் கலர் கண்ணாடி பாட்டில்ல எடுத்து, ஐஸ் பெட்டில வச்சு அன்னிக்கே லேப்புக்குக் கொண்டுபோயிடுங்க, வெளிச்சம் பட்டா பாட்டிலுக்குள்ளயே சிப்ரோ உடைஞ்சு ரிசல்ட் குறைச்சலா வரும். ரிசல்ட் வந்ததும் எந்த மருந்து எவ்வளவுன்னு எழுதுங்க, கார்பன் போதுமா ஆர்ஓ வேணுமான்னு அதை வச்சு சொல்றேன்.